மாதாவின் நீலமும் உன் அம்மாவின் சேலையும்

மகனே,

நீ சனிக்கிழமை பெங்களூர் ரயிலில் வந்து இறங்குவாய். திங்கட்கிழமை காலை உனக்குக் கல்யாணம். நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அந்த நாளையும் பந்தல்காரன், சமையல்காரன், உன் அத்தைமார் எல்லாரும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆகவே சொல்ல வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். நேரில் சொல்லத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன் என்று நீ நினைத்தால் அதுவும் சரிதான். முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியவனுக்கு, சொந்தப் பிள்ளையிடம் பேச நாக்கு எழவில்லை.

விஷயம் இதுதான். இன்று காலை உன் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த வெள்ளைச் சேலையை வெளியே எடுத்தாள். கல்யாணப் பூசை முடிந்து நீங்கள் இருவரும் வீட்டுக்குள் நுழையும்போது அதை மருமகளின் தலையில் போர்த்தப் போகிறாளாம். "மாதா தொட்ட சேலைங்க. இதைவிட நல்லதா நம்மகிட்ட என்னா இருக்குது?" என்றாள். தோள் பக்கத்தில் நீலக் கறை படிந்த அந்தச் சேலையை உனக்குத் தெரியும். நீ யுத்தத்திலிருந்து திரும்பி வந்த அன்றே அதைக் காட்டி முத்தமிடச் சொன்னாள், நீயும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முத்தமிட்டாய். அந்தக் கறை எப்படி வந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். இன்னொருவர் எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார். பாவ அறிக்கையில் கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது, நான் சொல்லவில்லை. ஆனால் நீ தொடங்கப் போகும் குடும்பத்துக்குள் உன் மனைவிக்கு முன்னால் என் பொய் வலது காலை எடுத்து வைத்து நுழைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உன் அப்பன் டிராயிங் மாஸ்டர். அதனால் கதைக்கு முன்னால் நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் பாடம் கேட்டே ஆக வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கூப்பிட்டால் கிட்டே வரும் வண்ணங்கள். நீலம் மட்டும் வராது. வானம் நீலம், ஒரு எட்டு ஏறிப் பிடிக்க முடியாது. கடல் நீலம், கையில் அள்ளினால் வெறும் தண்ணீர். அதனால்தானோ என்னவோ, எல்லாச் சாதிக்காரரும் தங்கள் கைக்கு எட்டாததற்கெல்லாம் நீலத்தைப் பூசி வைத்திருக்கிறார்கள். நமக்கு மாதாவின் மேலாடை, பக்கத்துத் தெருக்காரர்களுக்குக் கிருஷ்ணன். உனக்கு ஆறு வயதிருக்கும்போது நம் மொட்டை மாடியில் நின்று பரங்கிமலையைக் காட்டி, "நைனா, அந்த நீல மலைக்குப் போலாம்" என்று மூன்று நாள் பிடிவாதம் பிடித்தாய். கூட்டிப் போனேன். பாதிப் படியில் நின்று பாறையைத் தடவிப் பார்த்து, "நீலம் எங்கே?" என்று கேட்டாய். தூரத்தில் இருப்பதெல்லாம் நீலமாகத் தெரியும், நடுவிலிருக்கும் காற்று செய்கிற வேலை அது என்று பாடம் நடத்தினேன். "நீ ஏமாத்திட்டே" என்று அழுதாய். உன் அழுகையை நிறுத்த மயிலாப்பூர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கடலோரமாக எல்லாம் லேசான நீலமாகத் தெரிந்தது. "அப்போ நம்ம வீடுதான் நீலமா?" என்று கேட்டுவிட்டு இறங்கி ஓடினாய். வீட்டுக்கு வந்து நம் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து மறுபடியும் ஒரு அழுகை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து நீ எழுதுகிற கடிதங்களில் எல்லாமே நீலமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் குரல், அவள் மந்தைவெளிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் அழகு, அவள் தகப்பனாரின் பொறுமை. இருக்கட்டும். கிட்டே போனதும் பாறை, புல், முள் எல்லாம் தெரியும். அப்போது ஏமாற்றிவிட்டார்கள் என்று அழாதே. நாம் உட்கார்ந்து இளைப்பாறியது பாறை மேல்தான், நீலத்தின் மேல் இல்லை. அவளும் உன்னைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள் என்பதையும் மறக்காதே. நீ குறட்டை விடுவது அங்கே யாருக்கும் தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நீ மலேயாவுக்குப் போனாய். கடைசிக் கடிதத்தில் நல்ல சோப்பு இரண்டு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். சோப்பு வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்திருந்தபோது சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதன் பிறகு ஒரு வரி இல்லை. ஊரில் பாதிப் பேர் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மூட்டை கட்டினார்கள். நாங்கள் போகவில்லை. நாங்கள் இல்லாத நேரம் பார்த்துத் தபால்காரன் வந்துவிட்டால் என்ன செய்வது? ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் சர்க்கார் உத்தரவுப்படி நீலக் காகிதம் ஒட்டினேன். அந்த வெளிச்சத்தில் உன் அம்மா முகம் எனக்கும் என் முகம் அவளுக்கும் செத்தவர் முகம் மாதிரித் தெரிந்தது. ஒருவரையொருவர் பார்க்காமலே நடமாடினோம். ஏழு மாதம் அப்படிப் போனது.

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு மாதாவின் மரச் சுரூபத்தை, அந்தச் சிலையைப் புதுப்பிக்க வேண்டுமென்று கோயிலில் பேச்சு வந்தது. முன்னால் யாரோ பூசிய நீலம் பள்ளிக்கூட மசி மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. "இதெல்லாம் ஒரு நீலமா?" என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தவன் தலையிலேயே வேலை விழுந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். திருவிழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கோயில் பின்னறையில் உட்கார்ந்து மாதாவின் மேலாடையைத் தலை முதல் பாதம் வரை சுரண்டி எடுத்தேன். மரம் பளிச்சென்று தெரிந்தது. வேலை சுத்தம். அதன் பிறகுதான் நீலம் வாங்கப் போனேன். இந்த வரிசையை நன்றாகக் கவனித்துக்கொள். என் ஆயுளில் நான் செய்த தப்புகளில் பாதி இந்த வரிசையில் செய்தவைதான்.

கடைத்தெருவில் நான் வழக்கமாக வண்ணம் வாங்கும் பாய், நீலம் என்றதும் சிரித்துவிட்டார். "இன்னா சார் நீங்க, ஜெர்மன்காரன்கிட்ட சண்ட போட்டுக்கினு அவன் கலரைக் கேக்குறீங்க? கப்பல் வந்தாத்தான் நீலம். செவப்பு கீது, காவி கீது, பச்ச எவ்ளோ வேணும்னாலும் கீது. மாதாவுக்குப் பச்ச போடுங்களேன், எங்களுக்கும் சந்தோசம்." தியாகராய நகர் வரைக்கும் அலைந்தேன். எங்கும் இதே பதில். சுரண்டிய மாதாவை ஒரு போர்வையால் மூடி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரரான கணக்கு வாத்தியார் பஞ்சாபகேசனிடம் போய் அழுதேன். அவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "ஓய், உங்காத்து மாதாவுக்கும் எங்காத்துக் கிருஷ்ணனுக்கும் ஒரே கலர்தானே. கொலுவுல வைக்கற கிருஷ்ணன் மூக்கு வெளுத்துப் போயி, ஒரு வருஷமா வெள்ளைக்காரன் மாதிரி நின்னுண்டிருக்கான். நீலம் கிடைச்சா எனக்கும் ஒரு சிட்டிகை கொண்டு வாரும். ஒண்ணுமே கிடைக்கலேன்னா வேஷ்டிக்குப் போடற நீலம் இருக்கே, அதுவும் நீலம்தானே?" அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் அந்த நிமிஷமே குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

கிணற்றடியில் உன் அம்மா ஒரு சின்னக் கூடையில் சலவை நீலக்கட்டி ஏழு சேர்த்து வைத்திருந்தாள். யுத்த காலத்தில் அது பெரிய பொக்கிஷம். அவள் ஜெபமாலைக்குப் போயிருந்த நேரத்தில் ஏழையும் எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டேன். வண்ணத்தில் தப்பில்லை, மகனே. ஓவியர்கள் பூசுகிற நீலமும் அதே நீலம்தான். தப்பு முழுவதும் பசையில். எண்ணெயில் குழைத்திருந்தால் காய ஒரு வாரம் ஆகும், எனக்கு இருந்தது ஒன்றரை நாள். ஆகவே தச்சர்கள் மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையைக் காய்ச்சி அதில் குழைத்தேன். வச்சிரம் தண்ணீரில் கரையும் என்பது ஒன்றாம் பாரம் படிக்கிற பையனுக்கும் தெரியும். ஆனால் வண்ணம் வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எத்தனை வருஷம் தாங்கும், மாஸ்டர்?" என்று கேட்டார். "இருபது வருஷம், சாமி" என்றேன். அது மறுநாள் சாயந்திரம் வரை தாங்கியது.

விளக்குக் கட்டுப்பாடு இருந்ததால் சப்பரத்தை அந்த வருஷம் நாலு மணிக்கே கிளப்பினார்கள். தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் மாதாவைப் பார்த்தபடி நடந்தார்கள், நான் மட்டும் வானத்தைப் பார்த்தபடி நடந்தேன். வாத்தியாருக்கு என்ன பக்தி என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கச்சேரி ரோடு முனை திரும்பும்போது மழை கொட்டியது. முதலில் மாதாவின் விரல் நுனியில் ஒரு நீலச் சொட்டு. அப்புறம் மேலாடையின் ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒரு வாய்க்கால். சப்பரம் தூக்கிய மீன்பிடிக்கிற அந்தோணி தலையில், கழுத்தில், வெள்ளைச் சட்டையில் எல்லாம் நீலம். "வாத்தியாரே! மாதா அழுவுறாங்க! நீலமா அழுவுறாங்க!" என்று கத்தினான். அவ்வளவுதான், ஜனங்கள் அப்படியே சேற்றில் முழங்காலில் விழுந்தார்கள். கைக்குட்டையில் பிடித்தார்கள், குழந்தைகளின் நெற்றியில் வைத்தார்கள். நான் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன்.

உன் அம்மா சப்பரத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். மாதாவின் கழுத்து மாலை நழுவியது. அதைப் பிடிக்கக் கையை உயர்த்தினாள். ஒரு நீலத் தாரை நேரே அவள் தோளில் விழுந்து சேலையில் இறங்கியது. பக்கத்தில் நின்ற மீன்காரம்மா அவள் கையைப் பிடித்து, "யம்மா, மாதா உன்னத் தொட்டுட்டாங்க. உம் புள்ள உசுரோட கீறான், போ. இனிமே அழுவாத" என்றாள். உன் அம்மா தோளைத் தொட்டுப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். ஏழு மாதமாக நான் பார்க்காத முகம் அது. இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அது நம் வீட்டு நீலம் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வாய் வரவில்லை. அன்று வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் தலையை நிமிர்த்தவே முடியாமல், அவள் போட்டதையெல்லாம் தின்றேன். எழுந்தால் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று இன்னொரு தரம் சோறு கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சப்பரம் தூக்கியவர்கள் போட்டு வந்த சட்டைகளின் வெள்ளையைப் பார்க்கக் கண் கூசியது. நீலத்தில் நன்றாக ஊறி அலசிய சட்டைகள் வேறு எப்படி இருக்கும்? நம் வண்ணான் என்னைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே வெளுக்க ஆரம்பிச்சிட்டா நான் இன்னா பண்றது, வாத்தியாரே?" என்று குறைப்பட்டுக்கொண்டான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று அவர் சொன்னார். மூன்று ஜெபமாலையும், மனைவியிடம் உண்மையைச் சொல்வதும் அபராதம். ஜெபமாலையை அன்றே முடித்துவிட்டேன். மற்றது இன்னும் பாக்கி இருக்கிறது.

இதைவிடப் பெரிய அவமானம் ஒன்று உண்டு. சலவை நீலம் துணியில் நிற்காது. எண்ணி நாலு மாதத்தில் அது வெளுத்துப் போகும், அப்போது உன் அம்மா என்ன ஆவாள் என்று பயந்தேன். அவள் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து மாதம் ஒரு தரம் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். வெளுக்கவில்லை! ஒரு வருஷம் ஆயிற்று, இரண்டு வருஷம் ஆயிற்று, வெளுக்கவில்லை. அது மட்டுமல்ல, முதலில் மாங்காய் மாதிரி இருந்த கறை, பிறகு மெல்ல மெல்ல இலங்கைப் படம் மாதிரி ஆகிவிட்டது. வண்ணத்தைப் பற்றித் தெரியாதவன் என்றால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். தெரிந்தவன் பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். ஒரு நாள் அந்த டிரங்குப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். சோதித்துப் பார்க்கத்தான் திறந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அதுவும் பொய். அந்த நீலம் இருக்கிற வரைக்கும் நீ இருக்கிறாய் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

நீ வந்தாய். எலும்பும் தோலுமாக, ஆனால் வந்தாய். அந்த வருஷம் மாதா திருவிழா அன்று சாயந்திரம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அம்மா கேட்டதற்கு, "அன்னிக்கா? எங்கேயாவது மரவள்ளிக் கிழங்கு திருடிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாய். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா, மாதா குடுத்த கிழங்கு" என்று என்னிடம் சொன்னாள். அன்றாவது சொல்லியிருக்கலாம். நீதான் திரும்பி வந்துவிட்டாயே, இனி யாருக்கு நஷ்டம்? ஆனால் நாள் ஆக ஆகப் பொய் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதுதான் பெரிதாகிக்கொண்டு போனது. ஆகவே என் புத்திமதி இவ்வளவுதான். மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அன்றைக்கே சொல், அதுவும் சாப்பிட உட்காரும் முன்னால் சொல். இதை எழுதிவிட்டு நான் சொல்லாமல் இருந்தால் நன்றாக இராது. பேனாவை மூடி வைத்துவிட்டு இப்போதே கிணற்றடிக்குப் போகிறேன்.

*

மகனே, இரண்டு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். காகிதத்தில் நீலமாக ரேகை விழுந்திருந்தால் பொறுத்துக்கொள், கையை மூன்று தரம் கழுவியும் போகவில்லை.

கிணற்றடியில் உன் அம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சேலை. பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம். கையில், கந்தலில் சுற்றிய நீலக்கட்டி. முதல் நாள் டிராயிங் வகுப்புக்கு வந்த பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, இலங்கையின் ஓரத்தில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் அவள், ஆனால் வியர்த்தது எனக்கு.

"ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அந்த நீலம்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கூடையில இருந்த ஏழு கட்டி. தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கு சாயந்திரமே. கூடை காலி. உங்க வேட்டி மடிப்புல நீலம். பின்ன, காக்காவா தூக்கிட்டுப் போச்சு?"

எனக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். பிறகு ஏன் இதெல்லாம் என்று கேட்டேன். அவள் சேலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "மறுநாளே அலசிப் போட்டேன். ஒரே அலசுல போயிடுச்சு. அப்புறம்தான் பயம் வந்திச்சு. பையங்கிட்டேருந்து கடுதாசி நின்னதுலேருந்து நீங்க ஒரு நாளு சரியாச் சாப்பிட்டதில்ல. இந்தக் கறையைப் பாத்த அன்னிக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு கேட்டீங்க. நான் பாட்டுக்கு வெளுத்து வெச்சுட்டா நீங்க என்னா ஆவீங்க? அதான் திரும்ப வெச்சேன். மங்க மங்க வெச்சேன். நீங்க மாசாமாசம் பெட்டியத் தொறந்து பாக்குறது எனக்குத் தெரியாதா? பூட்டைத் தலைகீழா மாட்டிட்டுப் போவீங்க."

"அப்போ மீன்காரம்மா சொன்னது? நீ நம்பவே இல்லையா?"

"நான் மாதாகிட்டக் கேட்டது எம் புள்ளைய. நீலம் எங்கேருந்து வந்திச்சுன்னா கேட்டேன்?" என்றாள்.

மகனே, நான் அழுதேன். அவளும் அழுதாள், சேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அழுதாள், புதிதாகத் தொட்டது கலைந்துவிடக் கூடாதாம். அப்புறம் அவள் வேலையை உற்றுப் பார்த்தேன். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? மழை இப்படி விழாது, ஓரம் இவ்வளவு கடினமாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள், கீழே போகப் போக நீர்த்துக்கொண்டு வர வேண்டும் என்றேன். "அப்போ நீங்களே வெய்யுங்க" என்று நீலக்கட்டியை என் கையில் கொடுத்தாள். இலங்கையை மறுபடி மாங்காயாக்க இருவருமாகச் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆயிற்று. உன் மனைவியிடம் இதையெல்லாம் சொல்வதா, வேண்டாமா என்று கேட்டேன். "சொல்லாம? அவ தொட்டு வெக்கக் கத்துக்க வேணாமா?" என்றாள்.

ஆகவே சொல்லிவிடு. சேலை கிணற்றடிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் நன்றாகக் காய்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ கல்யாணத்துக்கு வெள்ளைக் கோட்டு தைத்திருப்பதாக எழுதியிருந்தாய், இருபது வருஷம் தாங்கும் என்று சொன்னவனும் நான்தான். அம்மா போர்த்தும்போது நீ ஒரு முழம் தள்ளியே நில்.

உன் நைனா